ஈசலை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் வந்த விநோத உணவுகள் பக்கத்தை வீட்டில் எல்லாரும் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் பாதிப் படங்களுக்குக் கீழே 'உவ்வே', 'ஐயோ சாமி' என்று போட்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஐஸ்லாந்துக்காரர்களின் சுறா உணவை 'அழுகிய மீன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது கிரீன்லாந்து சுறா என்ற வகை, அதன் கறியைப் பதப்படுத்தாமல் தின்றால் நஞ்சு. அதனால்தான் சரளை மணலில் 6 முதல் 12 வாரம் புதைத்து, அப்புறம் மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுச் சாப்பிடுகிறார்கள். அமோனியா நெடி மூக்கைத் துளைக்குமாம். டுரியான் சுளையில் உப்புப் போட்டுப் புளிக்கவைத்துத் தெம்போயாக் செய்யும் மலேசியாவின் பேராக்கில் இருந்துகொண்டு நாம் அதைப் பார்த்துச் சிரிக்கலாமா?

இங்கே பக்கத்தில் சித்தியவானில், கடைவீட்டு மாடிகளில் குருவிச் சத்தத்தை ஒலிக்கவிட்டு வாலிட் குருவிகளை வரவழைக்கிறார்கள். அவை எச்சிலால் கட்டும் கூட்டைத்தான் சாப்பிடுகிறார்கள், கிலோ ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்). உங்கள் பக்கத்தில் அதற்கு 'அரிய விருந்து' என்று பெயர். சபா மாநிலத்துக்காரர்கள் தின்னும் சாகோ புழுவுக்கு மட்டும் 'உவ்வே'. விலையைக் கேட்ட பிறகுதான் குமட்டுமோ?

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எழுபதுகளில் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவன் நான். மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பும். அம்மா கேஸ் விளக்கை வாசலில் வைத்து, அதன் அடியில் அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி வைப்பார். விழுந்ததை அள்ளி மறுநாள் வெயிலில் காயவைத்து, கையால் கசக்கி முறத்தில் புடைத்தால் இறக்கையெல்லாம் பறந்துவிடும். எண்ணெயே வேண்டாம், இரும்புச் சட்டியில் வறுக்கும்போது ஈசலின் கொழுப்பே கசிந்து பளபளக்கும். பொரியரிசி, உப்பு, கிள்ளிய மிளகாய் வற்றல். மைலோ டின்னில் அடைத்து வைத்தால் இரண்டு நாளில் காலி.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். பக்கத்து மேசைப் பையன் 'பூச்சி தின்னி' என்றான். அதோடு நான் ஈசலைத் தொடவில்லை. அம்மா கேட்டபோது வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, சுமார் 200 கோடிப் பேரின் வழக்கமான சாப்பாட்டில் பூச்சி உண்டு என்கிறது. தின்னும் வகைகள் 1,900க்கு மேலாம். அம்மாவும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பக்கத்தைத் தோட்டத்துப் பாட்டிமார்களுக்குக் கொடுங்கள். ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டாயிற்று, எங்கள் லயமும் போய்விட்டது. புற்றுக்காளானை எங்கே தேடுவது என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. ஈசலுக்குப் பொரியரிசி எவ்வளவு என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். "கை அளவுதான்டா, அதுக்கு என்ன கணக்கு" என்றார். நிருபரை அனுப்பினால் வறுத்துக் காட்டத் தயாராக இருக்கிறார். மழைதான் பெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆயர் தாவார், பேராக்