வலது முன்சக்கரத்தின் முனகல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போன வாரம் என் வேனை நண்பர் ஓட்ட நான் உங்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது, "அது என்னடா சத்தம்?" என்று கேட்டீர்கள். ரோடு சரியில்லை என்று சொல்லி மழுப்பினேன். உங்கள் காதிடம் அது எடுபட்டிருக்காது. இப்போது வேலை முடிந்துவிட்டதால், என் தவறையும் சேர்த்து முழுவதையும் எழுதுகிறேன்.

நான் இங்கே வாங்கிய வேன் ஏற்கெனவே 20 ஆண்டுகள் ஓடியது. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடிப்பாகம் முழுவதையும் அரித்து, சீல் தேய்ந்த இடத்தில், சக்கரத்தை உரசலின்றிச் சுழலவைக்கும் பேரிங்குக்குள்ளும் புகுந்துவிடுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஆரம்பிக்கும் முனகல், வேகம் கூடக்கூடத் தடித்துக்கொண்டே போயிற்று. கிளட்சை மிதித்தாலும் கியரை விடுவித்தாலும் மாறவில்லை என்பதால் எஞ்சின் மேல் பழியில்லை என்று தெரிந்தது. இடப்பக்க வளைவில் சத்தம் ஏறியது, வலப்பக்க வளைவில் அடங்கியது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச்சக்கரத்தின் மேல் சாய்வதால், குறை வலப்பக்கம்தான் என்று முடிவு செய்தேன். ஒருபுறமாகத் தேய்ந்த டயரும் இதே குரலில் முனகும் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்ததால், முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் பார்த்தேன், சத்தம் நகரவில்லை.

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் துளியும் ஆட்டம் இல்லை. அங்கேயே விட்டிருப்பேன். பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மறு கையைச் சுருள்வில்லின் மேல் வைத்தேன். நைந்த துணிக்குள் மணல் உருள்வது போல ஓர் அதிர்வு விரல்களில் ஏறியது. ஆட்டம் வருவதற்கு முன்பே பேரிங் கெட்டுப்போகும் என்பதை அன்றுதான் கையால் உணர்ந்தேன்.

இந்த வேனின் முன்பக்கத்தில் நீங்கள் பழகிய, கூம்புருளைகள் வைத்த டேப்பர் பேரிங் கிடையாது. இரண்டு வரிசைக் குண்டுகளும் கிரீஸும் சீலும் உள்ளேயே அடைக்கப்பட்ட ஒரே உருளை அது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் அழுத்தி ஏற்றி, நழுவாதபடி சர்க்லிப் வளையம் மாட்டிவிடுகிறார்கள். கிரீஸ் மாற்றவும் முடியாது, நட்டைத் தளர்த்திச் சரிசெய்யவும் முடியாது. ஆக்சில் நட்டைக் கழற்றவே அரை நாள் போயிற்று. துருவில் இறுகிப்போன ஆக்சிலை, சக்கரம் பூட்டும் ஹப்பிலிருந்து விடுவித்து, பிரேக் காலிப்பரைக் கம்பியில் தொங்கவிட்டு, நக்கிளையே கழற்றி நண்பரின் கொட்டகையிலிருந்த அழுத்தும் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். ஹப்பை வெளியே தள்ளியதும் பழைய பேரிங்கின் உள்வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. ஹப்பின் மேல் கீறல் விழாதபடி கிரைண்டரால் பாதி ஆழம் அறுத்து, உளியை வைத்து ஓர் அடி போட்டேன். வளையம் டப்பென்று பிளந்தது. உள்ளே பார்த்தால், குண்டு ஓடும் பள்ளத்தில் ஒரு பகுதி மட்டும் அம்மைத் தழும்பு போலப் பொத்துப்போய்க் கிடந்தது.

என் தவறு இதற்குப் பிறகுதான். புதிய பேரிங்கை ஓர் இரவு வாசற்படியில் வைத்தாலே சுருங்கிவிடும். இந்த நாட்டுக் குளிருக்கு அதற்கென்று ஐஸ் பெட்டி வேண்டியதில்லை. நக்கிளைச் சற்றுச் சூடாக்கி, பழைய வெளிவளையத்தையே தாங்கலாக வைத்து அழுத்தியபோது அழகாக இறங்கியது. அந்த மகிழ்ச்சியில் அடுத்து ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்தின் பின்புறம் தாங்கல் கொடுக்க மறந்துவிட்டேன். எந்த வளையம் இறுக்கமாக ஏறுகிறதோ அந்த வளையத்தில்தான் விசை விழவேண்டும் என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! பிரஸ்ஸின் மொத்த விசையும் குண்டுகள் வழியாகப் போயிற்று. ஏற்றி முடித்துச் சுற்றியபோது ஒவ்வொரு சுற்றிலும் விரலில் நெருடியது. ஓட்டினால் சரியாகிவிடும் என்று மனம் சமாதானம் சொல்லிப் பார்த்தது. ஆனாலும் கழற்றிப் போட்டேன். கழற்றிய பேரிங் மறுபடி உதவாது.

இரண்டாவது பேரிங்கில் நிதானம் தானாக வந்தது. இதன் ஒரு முகத்தில், சக்கர வேகத்தை அறிய ஏபிஎஸ் பிரேக்கின் சென்சார் படிக்கும் காந்த வளையம் கரும்பழுப்பாகப் படிந்திருக்கிறது. அந்த முகம் சென்சார் பக்கம் இருக்கவேண்டும்; திருப்பி ஏற்றினால் வண்டி ஓடும், ஆனால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. புதிய ஆக்சில் நட்டைப் போட்டு, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கினேன். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 20 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டதற்குச் சமம் அது. இறுக்கி முடிக்கும்வரை வண்டியின் பாரத்தை அந்தச் சக்கரத்தில் இறக்கக் கூடாது என்பதால், பிரேக்கை மிதித்துக்கொள்ள நண்பரை உள்ளே உட்காரவைத்தேன்.

பின்சக்கரங்களையும் கையோடு திறந்தேன். அங்கே உங்கள் பழைய டேப்பர் பேரிங்குகளே இருந்தன. பார்த்ததும் ஊர்க்காரரைச் சந்தித்தது போலிருந்தது. கழுவித் துடைத்து, உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடுக்கு வழியே மறுபுறம் கிரீஸ் புழுப்போல எட்டிப்பார்க்கும்வரை நிறைத்தேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, வாஷரை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தள்ளினால் மட்டும் நகரும் அளவில் நிறுத்தி, நட்டு நகராதபடி புதிய காட்டர் பின் மாட்டினேன். டார்க் ரெஞ்ச் தேவைப்படாமல் பெட்டியிலேயே கிடந்தது.

நேற்று ஓட்டிப் பார்த்தேன். டயர் ஓசை மட்டும்தான் கேட்கிறது. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. பின் ஹப்பின் நடுக்குழியில் கிரீஸை முழுக்க அடைக்காமல் பாதிக்கும் குறைவாகவே வைத்திருக்கிறேன். முழுக்க அடைத்தால் சூடேறி சீல் வழியே கசிந்து பிரேக்குக்குள் போய்விடும் என்று பயந்தேன். நான் வைத்தது போதுமா, அல்லது மறுபடி திறந்து கூட்டவேண்டுமா என்று எழுதுங்கள். அதுவரை தொலைதூரம் ஓட்டமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்