ராஜிக்கு, டைரி மூட்டை விஷயமாக

திருத்துறைப்பூண்டி
ஆனி 10

அன்புள்ள ராஜி,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? கோமதி பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை உனக்கும் வரும். மேட்டூர் திறந்தாகிவிட்டது, முள்ளியாற்றில் இன்னும் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. கடைமடைக்காரர்கள் வழக்கம்போல வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செய்தி அவ்வளவுதான். இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

வீடு மாற்றுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாய். "பழைய டைரி மூட்டையைப் பேப்பர்காரனுக்குப் போட்டுவிடப் போகிறேன். பெங்களூர் வீட்டில் அலமாரி இல்லை. எழுத்தாளராகவா ஆனேன், கட்டிக்கொண்டு அழ?" இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. போன் செய்தால் "சரி, சரி" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய். மாம்பழக் கலர் புடவை விஷயத்தில் பார்த்ததுதானே. அதனால்தான் எழுதுகிறேன்.

போடாதே ராஜி.

அந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு மறக்கவில்லை. ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து நீ எனக்கும் கோமதிக்கும் படித்துக் காட்டிய பக்கம் ஒன்று உண்டு. உன் அப்பா உழவு மாட்டை விற்றுவிட்டு வந்த அன்று எழுதியது. மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்று கயிறுகளை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்து வந்தார். பையைத் திண்ணை ஆணியில் மாட்டினார். "என்ன விலைக்குப் போச்சு?" என்று உன் அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கால் கழுவக் கொல்லைக்குப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். இவ்வளவுதான் நீ எழுதியிருந்தாய். "அப்பா வருத்தப்பட்டார்" என்று ஒரு வார்த்தை கிடையாது. கோமதி அழுதாள், நினைவிருக்கிறதா? உன் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, அந்தத் திண்ணையையும் இடித்தாகிவிட்டது. அந்தச் சாயங்காலம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிச்சமிருக்கிறது. அதை எடைக்குப் போடுகிறேன் என்கிறாய்.

ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துப் பார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவராக, இருந்த வியாபாரி. 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தவர், 1761 ஜனவரியில் கண்ணை மூடுகிற காலம் வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரை என்ன சொன்னார், அதற்குத் தான் என்ன சொன்னோம், எல்லாம் அன்றைக்குப் பேசிய தமிழிலேயே. இலக்கியம் படைக்கிறோம் என்று அவர் உட்காரவில்லை. தினப்படி சேதிக் குறிப்பு, அவ்வளவே. 1846-ல் ஒரு பிரெஞ்சு அதிகாரி கண்ணில் படும்வரை அது வெளியுலகத்துக்குத் தெரியாது. அதை ஆதாரமாக வைத்துத்தான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்களையும் எழுதினார். பின்னதற்கு 1995-ல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. நடுவில் பிள்ளை வீட்டில் யாராவது "அலமாரி இல்லை" என்று சொல்லியிருந்தால்?

நீ உடனே "நான் என்ன ஆனந்தரங்கப் பிள்ளையா?" என்பாய். வேண்டாம், கஜா புயலுக்கு வருகிறேன்.

என் டைரியில் 16.11.2018, வெள்ளிக்கிழமைப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உரக்கடையில் கொடுத்த டைரி. மேலே நல்ல நேரம், ராகு காலம், கீழே என் கையெழுத்து: "கொல்லைத் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. பெரியம்மா வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முருங்கை முறிந்து கிடப்பதைப் பார்த்துத்தான் தரையில் உட்கார்ந்து அழுதாள். எதிர்வீட்டு முறம் நம் கிணற்றில் மிதக்கிறது." கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தியில் எழுதியது, பக்கத்தில் மெழுகு சொட்டியிருக்கிறது. தென்னைக்கு அழாதவள் முருங்கைக்கு ஏன் அழுதாள் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை, எழுதி மட்டும் வைத்தேன். வருஷங்கள் கழித்து அந்தப் பக்கத்தைத் திருப்பியபோது அந்த ஒரு வரி என்னை விடவே இல்லை. போன மாதம் வந்த என் கதை அதிலிருந்துதான் முளைத்தது. புயலைப் பற்றி ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தால் காற்று, சத்தம், இருட்டு என்று எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதியிருப்பேன். முருங்கை வந்திருக்காது.

"மனசு சரியில்லை" என்று எழுதிய பக்கங்கள் பின்னால் ஒன்றுக்கும் உதவுவதில்லை. "அத்தை இன்றைக்கு ரேடியோ போடவில்லை" என்று எழுதியிருந்தால் போதும், அந்த நாள் முழுக்க எழுந்து வந்துவிடுகிறது. அதனால் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, என்ன விலை, யார் வந்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள், இதைத்தான் எழுதுகிறேன். பாத்திரம் கழுவி அடுப்பைத் துடைத்த பிறகு ஐந்தாறு வரி. ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்தைப் புரட்டி, இழுக்கிற வரிகளை மட்டும் ஒரு நீள நோட்டில் பெயர்த்து எழுதுவேன். கதை தொடங்குவது அந்த நீள நோட்டில்தான். போனில் குறித்து வைக்கலாமே என்று என் பையன் சொல்கிறான். போன் மாறினால் போச்சு. அதோடு, கையால் எழுதும்போதுதான் அடுத்த வார்த்தைக்கு முன்னால் கொஞ்சம் நிற்கிறோம்.

எழுத்தாளர் ஆகவில்லை என்ற உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் கும்பகோணத்துக்காரர்களைப் பார். ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி, எம்.வி. வெங்கட்ராம் ஜரிகை வியாபாரம் செய்தவர். தி. ஜானகிராமன் பள்ளி வாத்தியார், அப்புறம் வானொலி. ஆபீசுக்கும் கடைக்கும் போய் வந்த நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதியவர்கள்தான். வயதாகிவிட்டது என்பாயானால், உத்தமதானபுரத்து உ.வே.சா. தன் சரித்திரத்தை வாரப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியது 1940-ல். 1855-ல் பிறந்தவர், கணக்கை நீயே போட்டுக்கொள். 1942-ல் காலமாகும்போதும் அது முடியவில்லை, எழுதிக்கொண்டேதான் இருந்தார். நீ இப்போதுதான் ரிட்டயர் ஆகியிருக்கிறாய். சமையல் நேரமும் ஆபீஸ் ரயிலும் இத்தனை வருஷம் பறித்துக்கொண்ட பொழுதெல்லாம் இனி உன்னுடையது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதுவதற்கான சரக்கைத் தூக்கிப் போடுகிறாயே, எனக்குக் கோபம் வராதா?

நம் மூன்று பேரில் உனக்குத்தான் கண் இருந்தது. இதை நான் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, இப்போது எழுத்தில் சொல்கிறேன்.

ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். சுந்தரி மகன் அடுத்த வெள்ளிக்கிழமை மன்னை எக்ஸ்பிரஸில் வருகிறான். புறப்படுவதற்கு முன் உன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மூட்டையை அவனிடம் கொடுத்தனுப்பு. என் மர அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து, வேப்பிலை போட்டு வைத்துவிட்டேன். பிரித்துப் படிக்க மாட்டேன், சத்தியம். ஆனால் அந்த மாட்டுச் சந்தைப் பக்கத்தை மட்டும் நீயே ஒரு தாளில் பெயர்த்து எழுதிக் கையில் வைத்துக்கொள். கோமதி பெண் கல்யாணத்துக்கு வரும்போது, அதற்கு அடுத்து என்ன நடந்தது என்று இரண்டு பக்கமாவது எழுதிக்கொண்டு வா. மண்டபத்தில் படிக்க வேண்டாம், வீட்டுக்கு வந்து படி.

பேப்பர்காரனுக்குப் பழைய செய்தித்தாளை மட்டும் போடு. கிலோ என்ன விலைக்கு எடுக்கிறான் என்று எழுது, இங்கே ஒருவன் ஏமாற்றுகிறான்.

அன்புடன்,
மங்கை