கேப்டன் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

திருவல்லிக்கேணி டீக்கடை பெஞ்சில் தோனியா, கோலியா சண்டை ஓய்வதே இல்லை. கேப்டனாக தோனிக்கு 60 டெஸ்டில் 27 வெற்றி, கோலிக்கு 68-இல் 40 என்ற மொத்தக் கணக்கு பாதிதான் சொல்லும். உள்நாட்டில் தோனி 30-இல் 21 வென்றார். வெளிநாட்டில் 30-இல் வெறும் 6. கோலிக்கு வெளியே 16. 20 விக்கெட் எடுக்காமல் டெஸ்ட் ஜெயிப்பது அரிதாச்சே! பும்ரா, ஷமி, இஷாந்த் என்ற வேகப்பந்து வீச்சாளர்கள் சேர்ந்து கிடைத்தது கோலியின் அதிர்ஷ்டமும்தான்.

அணித் தேர்வுச் சறுக்கல் வேறு கதை. 2023-இல் லண்டன் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் எதிரணி ஆஸ்திரேலியாவில் வார்னர், கவாஜா, ஹெட், கேரி என இடக்கை வரிசை. இடக்கை ஆட்டக்காரர்களைத் திணறடிக்கும் சுழற்பந்து வீச்சாளர், நம்ம மாம்பலம் அஸ்வினோ அணிக்கு வெளியே. மேகமூட்டம் வேகப்பந்துக்குக் கைகொடுக்கும் என நம்பி நாலு வேகப்பந்து வீச்சாளர்களை எடுத்தார்கள். வெயில் வந்தது, ஹெட் 163 அடித்தார்.

வாசகர், சென்னை-5