மார்கழிப் பயணமும் வின்யெட்டும்

பாசல்

அன்புள்ள நண்பனுக்கு,

மார்கழி விடுமுறையில் குடும்பத்தோடு காரிலேயே வந்து, எங்களோடு தங்கிவிட்டு மிலான் வரை போக நினைத்திருப்பதாக நீ எழுதியதைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அம்மாவும் இப்போது நல்ல சுகம். உன் பிள்ளைகளைப் பார்க்கக் காத்திருக்கிறார்.

ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஓட்டோபானில் காருக்குக் கட்டணமே கட்டிப் பழகாத உனக்கு, சுவிஸை ஒருமுறை கடந்து போவதற்கும் இங்கே வின்யெட் எனும் நெடுஞ்சாலைக் கட்டண வில்லைக்கு ஓராண்டுக்குரிய 40 பிராங்க் கட்ட வேண்டும் என்பது அநியாயமாகப் படுவது இயல்புதான். ஆஸ்திரியாவில் ஒரு நாளுக்கும் பத்து நாளுக்கும் தனித்தனி வின்யெட் உண்டு. சுவிஸில் ஆண்டு வின்யெட் ஒன்றுதான். ஆயினும் இதை நான் நேர்மையான ஏற்பாடாகவே கருதுகிறேன், ஏனெனில் இந்த நாட்டில் குடியிருக்கிறேன் என்பதற்காக எனக்கு இந்தக் கட்டணத்தில் ஒரு சதம்கூடக் குறைப்பதில்லை. 1985இல் 30 பிராங்காகத் தொடங்கி 1995இல் 40 ஆன இந்தக் கட்டணத்தை 100 ஆக்க அரசு முனைந்தபோது, 2013 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதை நிராகரித்தார்கள். அவர்கள் தங்கள் பணப்பையை எண்ணித்தான் வாக்களித்திருப்பார்கள். ஆனால் விலை எல்லோருக்கும் ஒன்றென்பதால் அந்த வாக்கு உன்னையும் காத்தது. ஜெர்மனி கொண்டுவர முயன்ற சாலைக் கட்டணத் திட்டமோ, உள்நாட்டாருக்கு வாகன வரியில் அதே தொகையைக் கழித்துவிட்டு, சுமையை வெளிநாட்டு ஓட்டுநர் தலையில் மட்டும் வைத்தது. ஆஸ்திரியா தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூன் 18 அன்று அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது சரியே என்பது என் எண்ணம்.

மிலான் போகும் வழியில் வரும், 16.9 கிலோமீற்றர் நீளமான கோத்தார்ட் சாலைச் சுரங்கத்துக்கும் இந்த வின்யெட்டே போதும். தனிக் கட்டணம் இல்லை. 2023 முதல் மின்னணு வின்யெட்டும் கிடைக்கிறது. அது வாகன இலக்கத்தோடு பதிவாவதால், இலக்கத்தை எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்துக்கொள். கூடுதல் பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் பல இருக்கின்றன. சுவிஸ் கூட்டரசின் சுங்கத் துறைத் தளத்திலேயே வாங்கு. எல்லையில் ஸ்டிக்கராக வாங்கினால், உடனே முன்கண்ணாடியின் உட்புறத்தில் நேரடியாக ஒட்டிவிட வேண்டும். ஆசன இடுக்கில் பத்திரமாக வைத்திருப்பதும், பிறகு உரித்தெடுக்க வசதியாக ஒட்டுநாடாவால் பொருத்துவதும் செல்லாது. பிடிபட்டால் 200 பிராங்க் தண்டமும் புதிய வின்யெட்டின் விலையும் கட்ட நேரிடும். பின்னால் இழுவைப்பெட்டி பூட்டி வருவதானால் அதற்கும் தனி வின்யெட் வேண்டும்.

இத்தாலியில் ஓடும் தூரத்துக்கும் சாலைக்கும் ஏற்பப் பணம் கட்டுகிறோம். சுங்கச்சாவடியில் டெலிபாஸ் என்று மஞ்சளில் எழுதிய பாதை, கட்டணத்தைத் தானாகப் பதியும் அந்தப் பெயர்க் கருவியைக் காரில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியது. தவறி நுழைந்துவிட்டாலும் காரைப் பின்னால் எடுக்காதே.

நீ டிசம்பரில் வருவதால் அடுத்த ஆண்டுக்குரிய வின்யெட்டையே வாங்கு. அது டிசம்பர் 1 முதல் அதற்கடுத்த ஆண்டு ஜனவரி 31 வரை, பதினான்கு மாதம் செல்லும். கோடையில் நீங்கள் மீண்டும் வந்தால் இன்னொரு 40 பிராங்க் தேவைப்படாது. கோத்தார்ட் கணவாயின் மேல்வழியும் அப்போது திறந்திருக்கும். புறப்படும் நாளை முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்