செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வண்ண மீன் வளர்க்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மீன் கழிவிலிருந்து தொட்டியில் சேர்ந்து, அளவு கூடினால் மீனுக்குக் கேடு செய்யும் நைட்ரேட், வாரந்தோறும் தண்ணீர் மாற்றியும் ஏன் இறங்குவதில்லை என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்வியே இவ்வாண்டு நம் கூட்டங்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. உறுப்பினர் வீடுகளில் தொட்டித் தண்ணீரோடு குழாய்த் தண்ணீரையும் சோதித்துப் பார்த்தபோது, மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீடுகளைவிட, போர் தண்ணீரும் அதுவும் ஒரே சம்ப்பில் கலக்கும் வீடுகளில் நைட்ரேட் கூடுதலாக இருந்தது. கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் பழுதான சாக்கடையிலிருந்தும் கசியும் நைட்ரஜன், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது; அதை மண் பிடித்து வைப்பதில்லை என்பதால் மழையோடு நேரே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடுகிறது. குழாயிலேயே லிட்டருக்கு 40 மி.கி. இருக்கும்போது, எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் தொட்டி அந்த 40க்குக் கீழே போகாது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 நைட்ரேட்டுக்கு விதிக்கும் வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. ஆகும். அந்த வரம்புக்குள் அடங்கும் தண்ணீர் நமக்குக் குடிக்க ஏற்றதாக இருந்தாலும், டிஸ்கஸ் என்னும் மென்மையான வண்ண மீனை வளர்ப்பவருக்கும் குஞ்சு பொரிக்க வைப்பவருக்கும் இறால் வைத்திருப்பவருக்கும் போதுமானதன்று. ஆய்வகச் சான்றிதழைக் கொண்டு வந்தவர்கள் அதில் 'நைட்ரேட்' என்றிருக்கிறதா, 'நைட்ரேட் நைட்ரஜன்' என்றிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பின்னதாக இருந்தால் எண்ணை 4.43ஆல் பெருக்கிய பிறகே நம் கணக்கோடு ஒப்பிட முடியும்.

சோதனைப் பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திரவச் சோதனையில் இரண்டாம் புட்டியின் மருந்து அடியில் படிந்து இறுகிவிடுவதால், புட்டியை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காமல் சொட்டு விட்டால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். நிறத்தை டியூப்லைட்டின் கீழ்ப் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் முன் பார்ப்பது நல்லது. 40க்கும் 80க்கும் இடையிலான சிவப்பு யார் கண்ணுக்கும் பிடிபடாத ஒன்று. அப்போது மாதிரியை அதே அளவு வாலைவடி நீரோடு கலந்து சோதித்து, வந்த அளவை இரட்டிப்பாக்கிக் கொள்ளலாம்.

குறைக்கும் வழிகளில், எவை பயன்படமாட்டா என்பதை முதலில் பதிவு செய்கிறேன். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, நீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். கரி வடிகட்டியும், கடைகளில் விற்கும் ஆன்ட்டி குளோரினும் அதைத் தொடுவதில்லை.

ஆர்.ஓ. தண்ணீர் கலப்பதே பெரும்பாலான வீடுகளில் கைகொடுத்தது. குழாயில் 60, ஆர்.ஓ.வில் 5 என்றால், ஒரு பங்கு குழாய் நீரோடு மூன்று பங்கு ஆர்.ஓ. சேர்க்கும்போது ஏறக்குறைய 19 வரும். கடினமான போர் தண்ணீரில், இப்படிக் கலந்த பின்னும், பி.எச். எனப்படும் அமில-கார அளவு நிலைகுலையாத அளவுக்கு உப்பு மிஞ்சியிருக்கும். மெட்ரோ தண்ணீரில், பி.எச்.சை நிலைநிறுத்தும் உப்பின் அளவான கார்பனேட் கடினத்தை அளந்த பிறகே கலவையை முடிவு செய்ய வேண்டும். மாற்றத்தைச் சில வாரங்களில் படிப்படியாகச் செய்வது மீனுக்கு நல்லது. ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரில் நைட்ரேட் செறிந்திருக்கும். அது தரை துடைக்கத்தான் ஆகும், தொட்டிக்கு ஆகாது.

தண்ணீரிலுள்ள நைட்ரேட்டைப் பிடித்துக்கொண்டு வேறு உப்பை விடும் மணிகளான அயனி மாற்று ரெசினை வாங்க விரும்பியவர்கள் பலர். சாதாரண ரெசின் நைட்ரேட்டைவிட சல்பேட்டையே முதலில் பிடிக்கும். நிறைந்த பிறகும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால், பிடித்து வைத்த நைட்ரேட்டைச் சல்பேட் தள்ளிவிட, உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே வரும். ஆகவே நைட்ரேட்டுக்கென்றே உள்ள ரெசினையே வாங்குமாறு செயற்குழு பரிந்துரைக்கிறது. உப்புக் கரைசலில் ஊறவைத்து அதை மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் நன்றாக அலசியாக வேண்டும்.

செலவில்லாத வழி மணி பிளான்ட்தான். வேர் தொட்டிக்குள்ளும் இலை வெளியேயும் இருக்கும்படி வைத்தால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு வளர்ந்து, தண்ணீரிலுள்ள நைட்ரேட்டை உணவாக எடுத்துக்கொள்கிறது. வேலம்பாசியும் அவ்வாறே; வளர்ந்ததை வெட்டி எடுத்தெறிந்தால்தான் பலன், அழுக விட்டால் எல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிடும். வடகிழக்குப் பருவமழையில் முதல் சில மழைகள் மொட்டை மாடியைக் கழுவிய பிறகு பிடித்து வைத்த மழைநீரையும், குழாய் நீரோடு கலந்து, ஆர்.ஓ.வுக்கு மாற்றாகப் பயன்படுத்தலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். பொதுப் பயன்பாட்டுக்கு நைட்ரேட், கார்பனேட் கடினம் ஆகிய இரண்டுக்கும் சோதனைப் பெட்டிகளை வாங்கி, உறுப்பினர்கள் கோடையிலும் மழைக்குப் பின்னும் தங்கள் குழாய் நீரைச் சோதித்துக்கொள்ள ஏற்பாடு செய்யும் தீர்மானத்தை முன்மொழிந்து, இவ்வறிக்கையோடு அதற்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்