கலந்து சுவாசிக்கும் ரசாயனங்களைச் சேர்த்தே கணக்கிடக் கோரும் மனு

அனுப்புநர்: பூச்சு மற்றும் ஒட்டுப்பசைப் பிரிவுத் தொழிலாளர் பாதுகாப்புக் குழு

பெறுநர்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்கள்

பொருள்: பல ரசாயனங்கள் புழங்கும் பணியிடங்களில் கூட்டுப் பாதிப்பை மதிப்பிட உத்தரவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம்.

ஆய்வறிக்கைகளில் ஒவ்வொரு கரைப்பானுக்கும் (பூச்சையும் பசையையும் இளக்கும் திரவம்) நேராக 'வரம்புக்குள்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். தொழிலாளி அவற்றைத் தனித்தனியாகவா சுவாசிக்கிறார்? ஒரு பூச்சு அறையில் டொலுயீன் 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு), சைலீன் 45, எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) 80 இருப்பதாகக் கொள்வோம். இவை மூன்றும் கரைப்பான்கள். 8 மணி நேரப் பணிக்கு அனுமதிக்கப்படும் வரம்புகள் முறையே 100, 100, 200 என்றால் மூன்றும் தேறிவிடும். ஆனால் மூன்றுமே மூளையை மந்தப்படுத்துபவை. ஆகவே ஒவ்வொன்றின் அளவையும் அதன் வரம்பால் வகுத்துக் கூட்ட வேண்டும்: 0.5 + 0.45 + 0.4 = 1.35. ஒன்றைத் தாண்டினாலே மீறல். 12 மணி நேர ஷிப்ட் என்றால், நீண்ட ஷிப்டுக்கேற்ப வரம்பைக் குறைக்கும் பிரீஃப்–ஸ்காலா முறைப்படி வரம்பு பாதியாகிறது, கூட்டுத்தொகை 2.7 ஆகிவிடும்.

சில கலவைகளுக்கு இந்தக் கூட்டலும் போதாது. பசையிலுள்ள என்-ஹெக்சேன் என்னும் கரைப்பான் உடலுக்குள் 2,5-ஹெக்சேன்டையோன் என்னும் நச்சாக மாறிக் கை கால் நரம்புகளைச் சிதைக்கிறது. எம்.இ.கே. தனியாக அப்படிச் செய்வதில்லை. ஹெக்சேனுடன் சேர்ந்தால் அந்தப் பாதிப்பைக் கூட்டிவிடுகிறது. தனித்தனி அட்டவணையில் இது ஒருபோதும் தெரியாது. டொலுயீனும் ஸ்டைரீனும் இரைச்சலோடு சேர்ந்து செவித்திறனைக் கெடுப்பதும் அப்படித்தான்.

எனவே, ஒரே உறுப்பைத் தாக்கும் பொருள்களைத் தொகுத்து, கூட்டுத்தொகையை அறிக்கையில் கட்டாயம் காட்ட உத்தரவிட வேண்டுகிறோம். ஒன்றையொன்று தீவிரமாக்கும் கலவைகளைத் தனியே குறிக்க வேண்டும்.

காற்று மாதிரியை அறையின் மூலையில் அல்லாமல், தொழிலாளியின் மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள், காலரில் மாட்டிய கரிக்குழாயில் (ஆவியைப் பிடித்துவைக்கும் கரி முன், பின் என இரு பகுதிகளாக நிரப்பிய சிறு குழாய்), முழு ஷிப்டுக்கும் எடுக்க வேண்டும். பல ஆவிகள் சேர்ந்தால் கரி சீக்கிரம் நிறைந்துவிடும். குழாயின் பின்பகுதியில் முன்பகுதியின் 10 சதவீதத்துக்கு மேல் சிக்கியிருந்தால், கொஞ்சம் ஆவி கரியில் சிக்காமலே வெளியேறியிருக்கக்கூடும். அந்த மாதிரியை நிராகரித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். முகமூடியின் கரி வடிகட்டிக்கும் இதே சிக்கல்தான் என்பதால், மாற்றும் காலத்தைக் கலவைக்கேற்பக் குறைக்க வேண்டும்.

தோல் வழியே ஏறுவதைக் காற்று மாதிரி காட்டாது. ஷிப்ட் முடிவில் சிறுநீரும் பரிசோதிக்கப்பட வேண்டும். உடலுக்குள் இவை மாறி உண்டாகும் பொருள்களை அதில் அளக்கலாம்: டொலுயீனுக்கு ஆர்த்தோ-கிரெசால், சைலீனுக்கு மெத்தில்ஹிப்யூரிக் அமிலம். முடிவைத் தொழிலாளியின் கையிலும் கொடுக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாதுகாப்புக் குழு உறுப்பினர்கள்