முடிவெடுக்கும் இடம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளிப் பகுதிகளுக்கு வரும் புதிய ஆலைகள் பற்றிய செய்திகளில், எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்ற இரண்டு எண்களும் தவறுவதில்லை. அந்த ஆலையின் முக்கிய முடிவுகள் எந்த ஊரில் எடுக்கப்படும் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. அதன் விளைவை அறிய, கம்யூனிச ஆட்சி முடிந்தபின் அந்நிய முதலீட்டை நம்பி வளர்ந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளைப் பார்க்கலாம்.

மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே அதிகம் கார் தயாரிக்கும் நாடு ஸ்லோவாக்கியா. ஆனால் அங்குள்ள கார் ஆலைகள் எல்லாம் வெளிநாட்டு நிறுவனங்களுடையவை. செக் நாட்டின் பழம்பெருமை வாய்ந்த ஸ்கோடாவில் 1991-ல் பங்கு வாங்கிய ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன், 2000-ல் அதை முழுமையாகத் தன்வசப்படுத்தியது. அந்நாட்டுப் பெரிய வங்கிகளும் அதே காலத்தில் கைமாறின. இதனால் தொழில்நுட்பம் வந்தது, ஊதியம் உயர்ந்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் 2010 முதல் 2016 வரை செக் நாட்டிலிருந்து லாபமாகவும் சொத்து வருமானமாகவும் வெளியேறிய தொகை, சராசரியாக ஆண்டுக்கு அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.6 சதவீதம் என்றும், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து அதற்கு நிகரமாகக் கிடைத்த உதவி 1.9 சதவீதமே என்றும் பொருளாதார அறிஞர் தோமா பிக்கெட்டி கணக்கிட்டுள்ளார்.

பின்லாந்தின் கைபேசி நிறுவனமான நோக்கியா 2008-ல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர ஆலையை மூடிவிட்டு, கூலி குறைந்த ருமேனியாவுக்குச் சென்றது. 2011-ல் அந்த ருமேனிய ஆலையையும் மூடப்போவதாக அறிவித்தது. அதே நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014-ல் மூடப்பட்டதை (அதில் வரி வழக்குக்கும் பங்கு உண்டு) நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

உரிமை உள்ளூரில் இருந்தாலே போதும் என்றும் நான் சொல்லவில்லை. வங்கிகளை அரசிடமே வைத்திருந்த ஸ்லோவேனியா, 2013-ல் அவற்றைக் காப்பாற்ற மக்கள் பணத்தைக் கொட்ட நேர்ந்தது.

அரசின் தொழிற்பேட்டையான சிப்காட்டை ஒட்டிச் சிறிய பட்டறை நடத்தும் எனக்கு இந்த வேறுபாடு அன்றாடம் தெரிகிறது. வெளிநாட்டு ஆலையிலிருந்து எங்களுக்கு வருவது ட்ராயிங்கும் ரேட்டும்தான். ஒரு துளையை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் டூல் நீண்ட நாள் உழைக்கும் என்று எங்கள் ஃபிட்டர் சொன்னால், அதை ஏற்க இங்குள்ள மேலாளருக்கு அதிகாரம் இல்லை. தலைமையகத்தின் பதில் வருவதற்குள் ஆர்டரே முடிந்துவிடுகிறது. வடிவமைப்புப் பிரிவை இங்கேயே வைத்திருக்கும் நிறுவனமென்றால், அந்தப் பொறியாளரே பட்டறைக்கு வந்து, மெஷின் அருகில் நின்று பார்த்து ட்ராயிங்கைத் திருத்தித் தருகிறார். உரிமையில் அரசும் பங்கு வைத்திருக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடா குழுமமும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தில், டிட்கோ இன்றும் பெரும் பங்குதாரராக நீடிப்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

எனவே நிலமும் மின்சாரச் சலுகையும் மானியமும் பெறும் நிறுவனங்களிடம், வடிவமைப்புப் பிரிவை இங்கே அமைப்பது, உதிரி பாகங்களில் குறிப்பிட்ட பங்கை உள்ளூரில் வாங்குவது, முன்கூட்டியே வெளியேறினால் மானியத்தைத் திருப்பித் தருவது ஆகியவற்றை அரசு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கி, அதை வெளியிடவும் வேண்டும். ஜெர்மனியில் நோக்கியாவின் போஹும் ஆலை மூடப்பட்டபோது, வேலைவாய்ப்பு நிபந்தனை மீறப்பட்டதாகக் கூறி அந்த மாநில அரசு மானியத்தைத் திருப்பிக் கேட்டது. தர்மபுரியில் உருவாகிவரும் சிப்காட் பூங்காவில் நிலம் ஒதுக்கும்போதே இந்த நிபந்தனைகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறுதொழில் முனைவோர் ஒருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.